வேர்டு கோப்பில் மேக்ரோ எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியவை

சென்னை உயர் நீதிமன்றத்தை அடுத்த தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் உள்ள தட்டச்சு நிலையங்களில், காலையில் ஒருவருடைய வாடகை ஒப்பந்தமும் பிற்பகலில் இன்னொருவருடைய ரிட் மனுவும் மாலையில் ஒரு கல்லூரி மாணவரின் ப்ராஜெக்ட் அறிக்கையும் ஒரே கணினியில் திறக்கப்படுவது அன்றாட நடப்பு. கோப்பு மின்னஞ்சலில் வரும், வாட்ஸ்அப்பில் வரும், பென் டிரைவிலும் வரும். அவற்றுள் சிலவற்றைத் திறக்கும்போது வேர்டின் மேற்பகுதியில் மஞ்சள் நிறத்திலோ சிவப்பு நிறத்திலோ ஒரு பட்டை தோன்றும். வாடிக்கையாளர் எதிரே காத்திருக்க, மாலைக்குள் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டிய நெருக்கடியில், அந்தப் பட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமலேயே அதிலுள்ள பொத்தானைப் பலரும் அழுத்திவிடுகிறார்கள். அழுத்துவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், மேக்ரோ உண்மையிலேயே தேவைப்படும் அலுவலகம் தன் கணினியை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும், தவறாக அழுத்திவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குகிறேன். விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாப்ட் வேர்டை முதன்மையாகக் கொண்டே எழுதுகிறேன்; வேர்டுக்கு மாற்றான லிப்ரெஆபிஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு உரியது பின்னால் வருகிறது.

மேக்ரோ என்பது ஆவணத்துக்குள்ளேயே வைக்கப்பட்ட ஒரு நிரல். வேர்டில் அது விபிஏ என்ற மொழியில் எழுதப்படுகிறது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைச் சுருக்குவதற்காக இது உருவாக்கப்பட்டது என்றாலும், கணினியின் முன் அமர்ந்திருப்பவரால் செய்ய முடிந்த ஏறக்குறைய எல்லாவற்றையும் அதனாலும் செய்ய முடியும்: கோப்புகளை அழிக்கலாம், அவுட்லுக் வழியே கடிதம் அனுப்பலாம், இணையத்திலிருந்து வேறொரு நிரலை இறக்கி இயக்கலாம். 1995இல் கான்செப்ட் என்ற வைரஸ் வேர்டு ஆவணங்கள் வழியே பரவியபோதே இந்த ஆபத்து வெளிப்பட்டுவிட்டது. 1999 மார்ச்சில் வந்த மெலிசா, திறந்தவருடைய அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டு பெரிய நிறுவனங்களின் மின்னஞ்சல் சேவையையே திணறடித்தது. 2015 டிசம்பரில் உக்ரைனின் மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் சில மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். தாக்கியவர்கள் உள்ளே நுழைந்த வழி, அதற்குப் பல மாதங்கள் முன்பே ஊழியர்களுக்கு அனுப்பப்பட்ட மேக்ரோ ஆவணங்கள்தான். ஆகவே அந்தப் பட்டை வெறும் சம்பிரதாயமாகக் காட்டப்படுவதன்று.

மூன்று பட்டைகள், மூன்று பொருள்கள்

எல்லாப் பட்டைகளையும் ஒன்றாகக் கருதுவதுதான் குழப்பத்தின் தொடக்கம் என்பதால், இவற்றைப் பிரித்தறிவதில் சற்று நேரம் செலவிடுவது தகும்.

முதலாவது, ‘ப்ரொடெக்டட் வியூ’ என்று தொடங்கும் மஞ்சள் பட்டை. இது ஆபிஸ் 2010 பதிப்பில் அறிமுகமானது. கோப்பு இணையத்திலிருந்தோ மின்னஞ்சல் இணைப்பாகவோ வந்திருக்கிறது என்பதால், அதை அடைப்புக்குள் வைத்துப் படிக்க மட்டும் அனுமதித்திருக்கிறேன் என்று வேர்டு சொல்கிறது. இதிலுள்ள பொத்தான் ‘எனேபிள் எடிட்டிங்’. இந்த நிலையில் மேக்ரோ எதுவும் இயங்காது. ஆனால் ஆவணத்தை முழுவதுமாகப் படிக்கலாம், வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கவும் செய்யலாம். படிப்பது மட்டுமே வேலையென்றால் இந்தப் பொத்தானைத் தொடவே வேண்டியதில்லை. இந்நிலையில் அச்சிட முடியாது என்பதுதான் ஜெராக்ஸ் கடைகளுக்கு இடைஞ்சல். அச்சிடுவதற்காக வரும் கோப்புகளை பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவரும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்வது இதற்கு நல்ல வழி. பக்க அமைப்பும் தமிழ் எழுத்துருவும் இடம் மாறாமல் வரும் என்ற கூடுதல் நன்மையும் அதில் உண்டு.

இரண்டாவதும் மஞ்சள் பட்டைதான். ஆனால் அது ‘செக்யூரிட்டி வார்னிங்’ என்று தொடங்கி, மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன என்று சொல்லும். பொத்தானின் பெயர் ‘எனேபிள் கன்டென்ட்’. முதல் பட்டையில் எடிட்டிங்கை அனுமதித்தவுடன், கோப்பில் மேக்ரோ இருந்தால் இந்த இரண்டாவது பட்டை தோன்றலாம். ஒரே நிறத்தில், ஒரே இடத்தில், அடுத்தடுத்து வருவதால், முதலாவதை அழுத்திய கை இரண்டாவதையும் அழுத்திவிடுகிறது. முதலாவதன் பொருள் ‘இதில் நான் திருத்தம் செய்யப் போகிறேன்’ என்பது. இரண்டாவதன் பொருள் ‘இதற்குள் இருக்கும் நிரல் என் கணினியில் இயங்கட்டும்’ என்பது. எழுத்துப் பிழை திருத்தவோ, பெயரையும் முகவரியையும் மாற்றவோ, அச்சிடவோ இரண்டாவது அனுமதி தேவையே இல்லை. கன்டென்ட் என்ற சொல்லைப் பார்த்து, அழுத்தாவிட்டால் ஆவணத்தின் உள்ளடக்கம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம்.

மூன்றாவது, ‘செக்யூரிட்டி ரிஸ்க்’ என்று தொடங்கும் சிவப்புப் பட்டை. கோப்பு வந்த இடம் நம்பத்தக்கதன்று என்பதால் மேக்ரோக்களைத் தடுத்துவிட்டதாக அது சொல்லும். அனுமதிப் பொத்தான் இதில் கிடையாது, மேலும் அறிந்துகொள்ள ஓர் இணைப்பு மட்டுமே இருக்கும். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கப் போவதாக மைக்ரோசாப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்து, அவ்வாண்டிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய, புதுப்பிக்கப்படாத ஆபிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டை வராது. அவர்களுக்கு ‘எனேபிள் கன்டென்ட்’ பொத்தான்தான் வரும். ஆபிஸ் 2010க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 அக்டோபரிலேயே நின்றுவிட்டன. வெளியார் கோப்புகளை நாள்தோறும் திறக்கும் கடைகளில் அந்தப் பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

மெயில் மெர்ஜ் ஆவணத்தைத் திறக்கும்போது எஸ்க்யூஎல் கட்டளை ஒன்றை இயக்கலாமா என்று கேட்கும் பெட்டி இவற்றில் சேராது. அது முகவரிப் பட்டியலுடன் இணைவதற்கான கேள்வி. மெயில் மெர்ஜ் செய்ய மேக்ரோ தேவையில்லை.

இந்த ஆவணத்துக்கு நிரல் எதற்கு?

பட்டையைக் கண்டதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். மனுவுக்கோ, வக்காலத்துக்கோ, பயோடேட்டாவுக்கோ, கொட்டேஷனுக்கோ, பில்லுக்கோ, திருமண அழைப்பிதழ் வாசகத்துக்கோ மேக்ரோ தேவைப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அவற்றில் மேக்ரோ எச்சரிக்கை வந்தால், அனுப்பியவர் அறியாமலேயே அவருடைய கணினியிலிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அல்லது அனுப்பியவர் அவரே அல்லர் என்றுதான் கொள்ள வேண்டும்.

நியாயமான காரணம் உள்ள கோப்புகளும் உண்டு. நம் ஊர் அலுவலகங்களில் அவற்றுள் முதன்மையானவை எழுத்துரு மாற்றிகள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் தரமாக ஏற்பதற்கு முன், வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களிலும், 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் தரங்களிலும் தட்டச்சு செய்த ஆவணங்கள் பத்திர எழுத்தர்களிடமும் பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேர்டு மேக்ரோக்கள் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கின்றன. அலுவலகத்துக்கென்றே எழுதப்பட்ட பில் படிவங்கள், விவரங்களை நிரப்பினால் ஒப்பந்தத்தைத் தானே உருவாக்கும் வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்) ஆகியவையும் இந்த வகையில் அடங்கும்.

தணிக்கையாளர் அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். வருமான வரித் துறையும் ஜிஎஸ்டி இணையதளமும் வெளியிட்ட எக்செல் கருவிகள் பலவற்றில் மேக்ரோவை அனுமதிக்கச் சொல்லும் குறிப்பு இருந்திருக்கிறது. அந்த அனுமதியைப் பல ஆண்டுகள் கொடுத்துப் பழகியவருக்கு, வரி நோட்டீஸ் என்ற பெயரில் மின்னஞ்சலில் வரும் வேர்டு கோப்பிலும் அதே பொத்தானை அழுத்துவது இயல்பாகிவிடுகிறது. அரசுக் கருவியை நாமே இணையதளத்துக்குச் சென்று இறக்குகிறோம்; நோட்டீஸ் என்ற பெயரில் வருவதோ நம்மைத் தேடி வருகிறது. வரி நோட்டீஸ் உண்மையானால், நம் கணக்கில் உள்நுழைந்து பார்த்தாலே அங்கே இருக்கும்.

அடுத்ததாகக் கோப்பின் பெயரின் இறுதியைப் பாருங்கள். விண்டோஸ் இதை இயல்பாக மறைத்துவைக்கும். விண்டோஸ் 11இல் கோப்புறையின் மேலே உள்ள ‘வியூ’, அதற்குள் ‘ஷோ’, அதற்குள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று சென்று ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் எப்போதும் தெரியும். டாக்எக்ஸ் (.docx) என்று முடியும் கோப்பு மேக்ரோவைத் தனக்குள் வைத்திருக்க முடியாது. டாக்எம் (.docm) என்று முடிவது மேக்ரோ வைத்திருக்கும் ஆவணம். டாட்எம் (.dotm) என்று முடிவது மேக்ரோ வைத்திருக்கும் வார்ப்புரு. டாக் (.doc) என்று மட்டும் முடியும் பழைய வடிவம் மேக்ரோ உள்ளதா இல்லையா என்பதைப் பெயரில் காட்டாது. ஆகவே அதைச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். டாக்எக்ஸ் கோப்பிலும் ஒரு நுட்பமான வழி உண்டு: தொலைவில் இணையத்தில் உள்ள மேக்ரோ வார்ப்புருவைத் தன் வார்ப்புருவாகக் குறித்திருந்தால், திறக்கும்போது வேர்டு அதை வரவழைத்துக்கொள்ளும். டாக்எக்ஸ் கோப்பிலேயே மேக்ரோ எச்சரிக்கை வந்தால், அது இந்த வழியாக இருக்கக்கூடும் என்று எண்ணி அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏமாற்றுவோர் பயன்படுத்தும் உத்தி பெரும்பாலும் ஒன்றே. கோப்பைத் திறந்ததும் மங்கலாக்கப்பட்ட ஒரு பக்கமும், ஆபிஸ் முத்திரையும், ‘இந்த ஆவணம் வேறு பதிப்பில் உருவாக்கப்பட்டது, காண்பதற்கு எனேபிள் எடிட்டிங், பிறகு எனேபிள் கன்டென்ட் அழுத்தவும்’ என்ற அறிவிப்பும் இருக்கும். அது வேர்டு சொல்லும் செய்தியன்று. ஆவணத்துக்குள் ஒட்டப்பட்ட படம். வேர்டின் செய்திகள் பக்கத்துக்கு வெளியே, மேலுள்ள பட்டையில்தான் வரும். ஆவணத்தின் எழுத்துகளைக் காட்ட மேக்ரோ தேவை என்று ஓர் ஆவணம் சொன்னால், அதற்கு மேல் வேறு சான்று தேட வேண்டாம், மூடிவிடலாம். கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட கோப்பை அனுப்பி, அதே மின்னஞ்சலிலேயே கடவுச்சொல்லையும் எழுதியிருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். பூட்டிய கோப்புக்குள் ஆன்டிவைரஸ் பார்க்க முடியாது என்பதே அப்படி அனுப்புவதன் நோக்கமாக இருக்கலாம்.

தெரிந்தவர் அனுப்பியது என்பதும் போதுமான உறுதியன்று. 2014 முதல் பரவிய எமோட்டெட் என்ற தீய நிரல், பாதிக்கப்பட்டவருடைய பழைய மின்னஞ்சல் உரையாடலைத் திருடி, அதற்கே பதில் எழுதுவதுபோல மேக்ரோ ஆவணத்தை இணைத்து அனுப்பியது. பல நாட்டுக் காவல் அமைப்புகள் சேர்ந்து 2021 ஜனவரியில் அதை முடக்கின, அவ்வாண்டு நவம்பரில் அது மீண்டும் தலைகாட்டியது. ஆகவே, “சார், நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் மேக்ரோ இருப்பதாக வருகிறது, நீங்கள்தான் வைத்தீர்களா?” என்று அனுப்பியவரை அழைத்துக் கேட்டுவிடுவதே சிறந்தது. மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், நம்மிடம் முன்பே உள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டும். அவருக்கு மேக்ரோ என்றால் என்னவென்றே தெரியவில்லை என்றால், அந்த பதிலே போதும்: டாக்எக்ஸ் ஆகவோ பிடிஎஃப் ஆகவோ சேமித்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கைபேசியிலுள்ள வேர்டு, உலாவியில் இயங்கும் வேர்டு, கூகுள் டாக்ஸ் ஆகியவை விபிஏ மேக்ரோவை இயக்குவதில்லை. எனவே அவசரமாக எழுத்தை மட்டும் படிக்க வேண்டுமானால் அவை உதவும். ஆனால் கட்சிக்காரருடைய ஆவணத்தை இணையச் சேவையில் ஏற்றுவது அலுவலக நடைமுறைக்கு உகந்ததா என்பதை மூத்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வைரஸ்டோட்டல் போன்ற சோதனைத் தளங்களில் ஏற்றும் கோப்பு, அதன் கட்டண வாடிக்கையாளர்களான பிறருக்கும் கிடைக்கக்கூடியது. ரகசிய ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது.

மேக்ரோவை இயக்காமலே பார்ப்பது

நிரல் எழுதத் தெரியாதவரும் ஓரளவு பார்க்க முடியும் என்பதால் இதைச் சொல்கிறேன். மேக்ரோ முடக்கப்பட்ட நிலையில், ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்தாமல், ஆல்ட் விசையோடு எஃப்11 அழுத்தினால் விபிஏ திருத்தி திறக்கும். இடப்புறம் கோப்பின் பெயருக்குக் கீழே உள்ளவற்றை இருமுறை சொடுக்கினால் நிரல் வரிகள் தெரியும். எழுத்துரு மாற்றியாக இருந்தால், ஓர் எழுத்தைத் தேடி இன்னோர் எழுத்தாக மாற்றும் வரிகள் நீளமாக, ஒரே மாதிரியாக வரிசையாக இருக்கும். ஓர் எழுத்து மாற்றி இணைய முகவரியைத் தொடவோ, வேறொரு நிரலை இயக்கவோ எந்த அவசியமும் இல்லை. ஆகவே ‘ஆட்டோஓபன்’ அல்லது ‘டாக்குமென்ட்_ஓபன்’ என்ற தலைப்போடு கோப்பு திறந்தவுடன் தானாக இயங்கும் பகுதி இருந்தாலோ, ‘ஷெல்’, ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’ என்ற சொற்களோ இணைய முகவரியோ பொருளற்ற நீண்ட எழுத்துத் தொடர்களோ தென்பட்டாலோ, அதை ஒதுக்கிவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நிரல் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தால் அதனாலேயே அது தீயது என்றாகாது. ஆனால் பார்க்க முடியாத ஒன்றுக்கு எழுதியவரை அறிந்திருந்தால் மட்டுமே இடம் கொடுக்கலாம். இந்தப் பார்வையில் ஐயம் எழவில்லை என்பதை முழு உறுதியாகக் கொள்ளவும் வேண்டாம். திறமையாக மறைத்த நிரல் பழகிய கண்ணுக்கும் தப்பும்.

அமைப்புகளை எங்கே, எப்படி வைப்பது

வேர்டில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘டிரஸ்ட் சென்டர்’, ‘டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்’, ‘மேக்ரோ செட்டிங்ஸ்’ என்று வரிசையாகச் சென்றால் நான்கு தேர்வுகள் இருக்கும். அறிவிப்பின்றி எல்லா மேக்ரோக்களையும் முடக்குவது முதலாவது. அறிவித்துவிட்டு முடக்குவது இரண்டாவது. டிஜிட்டல் கையொப்பமிட்டவற்றைத் தவிர மற்றவற்றை முடக்குவது மூன்றாவது. எல்லாவற்றையும் இயக்குவது நான்காவது. வேர்டு வரும்போதே இரண்டாவதில்தான் இருக்கும். வெளியார் கோப்புகளை அச்சிடுவதற்காகவே வைத்திருக்கும் கடைக் கணினியில் முதலாவதை வைத்துவிடுங்கள்; மேக்ரோ பட்டையே வராது, ‘எனேபிள் கன்டென்ட்’ என்று அழுத்தவும் ஒன்றுமிருக்காது. மற்ற அலுவலகங்களுக்கு இரண்டாவதே பொருந்தும்.

நான்காவதை எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். எழுத்துரு மாற்றிகளோடு வரும் குறிப்புத் தாள்கள் சில ‘மேக்ரோ செட்டிங்ஸில் எனேபிள் ஆல் என்று வைக்கவும்’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கலாம். ஆனால் வாசலில் ஒருவரை உள்ளே விடுவதற்காகக் கதவையே கழற்றி வைத்துவிடச் சொல்வதற்கு அது ஒப்பானது. அந்த ஒரு மாற்றிக்காகச் செய்த மாற்றம், அதன் பிறகு அந்தக் கணினியில் திறக்கப்படும் ஒவ்வொருவருடைய கோப்புக்கும் எச்சரிக்கையின்றி வழிவிடும். உங்கள் கணினியில் முன்பே யாரேனும் அப்படி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் இரண்டாவதற்கு மாற்றிவிடுங்கள்.

நம்பிய மேக்ரோவுக்கு மட்டும் இடம் கொடுக்க, அதே டிரஸ்ட் சென்டரில் உள்ள ‘டிரஸ்டட் லொகேஷன்ஸ்’ போதும். கணினியில் ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, ‘ஆட் நியூ லொகேஷன்’ வழியே அதைச் சேருங்கள். அதன் உட்கோப்புறைகளையும் நம்பும் தேர்வைக் குறிக்காமல் விடுங்கள். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகியவற்றை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஊரிலுள்ள எல்லாக் கோப்புகளும் வந்து விழும் இடங்கள் அவை. அலுவலகம் முழுவதும் பகிரும் நெட்வொர்க் கோப்புறையையும் தவிர்க்க வேண்டும்.

நம்பகக் கோப்புறைக்குள் வைக்க வேண்டியது மேக்ரோ அடங்கிய வார்ப்புருவை மட்டுமே; வாடிக்கையாளர்களின் ஆவணங்களை அங்கே வைக்கக் கூடாது. எழுத்துரு மாற்றி டாட்எம் வார்ப்புருவாக இருந்தால், திறந்திருக்கும் எந்த ஆவணத்தின்மேலும் அதை இயக்கலாம். மாற்றி முடித்த ஆவணத்தை டாக்எக்ஸ் ஆகச் சேமித்தால் அதில் மேக்ரோ எதுவும் ஒட்டாது. பதிப்பகத்துக்கோ நீதிமன்றப் பதிவகத்துக்கோ அனுப்பும்போது அவர்களுக்கு எச்சரிக்கையும் வராது. மேக்ரோவோடு கூடிய ஆவணங்களைப் பிறருக்கு அனுப்பாமலிருப்பது, அவர்களும் பொத்தானை அழுத்தப் பழகாமலிருக்க நாம் செய்யும் உதவி.

‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்திய கோப்பை வேர்டு நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தமுறை கேட்காமலே மேக்ரோவை அனுமதிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே ஒருமுறை மட்டும் அனுமதிக்க வேண்டுமானால் பட்டையிலுள்ள பொத்தானை விட்டுவிட்டு, ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ பக்கத்தில் உள்ள ‘எனேபிள் கன்டென்ட்’ பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று, இந்த அமர்வுக்கு மட்டும் என்ற தேர்வை எடுக்கலாம். இதுவரை சேர்ந்த நினைவை அழிக்க, டிரஸ்ட் சென்டரில் ‘டிரஸ்டட் டாக்குமென்ட்ஸ்’ பக்கத்தில் ‘கிளியர்’ பொத்தான் இருக்கிறது. பலர் மாறி மாறிப் பணிபுரியும் கணினியில் இதை அவ்வப்போது அழுத்துவது நல்லது.

சிவப்புப் பட்டை வந்த கோப்பு, விசாரித்த பிறகு உண்மையிலேயே தேவையானது என்று தெரிந்தால், வேர்டை மூடிவிட்டு, கோப்பின்மேல் வலச்சொடுக்கு செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால், ‘ஜெனரல்’ பக்கத்தின் அடியில் ‘அன்பிளாக்’ என்ற சிறு கட்டம் இருக்கும். அதைக் குறித்து ‘ஓகே’ கொடுத்தால் தடை நீங்கும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பில் விண்டோஸ் ஒட்டும் ஒரு மறைவான அடையாளத்தையே இது நீக்குகிறது. அந்த அடையாளம் என்டிஎஃப்எஸ் வடிவமைப்புள்ள வட்டுகளில்தான் நிற்கும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவமைப்பில் வருவதால், கோப்பு அதில் ஏறியவுடனேயே அடையாளம் தொலைந்துவிடும். இணையத்தில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, கடைக் கணினியில் திறக்கப்படும் கோப்புக்கு ப்ரொடெக்டட் வியூவும் வராது, சிவப்புப் பட்டையும் வராது. ‘எனேபிள் கன்டென்ட்’ பொத்தான் மட்டும் தயாராக நிற்கும். சிவப்பு இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று கொள்ளவே கூடாது. நம் தெருக்களில் கோப்புகள் பயணிக்கும் வழி பெரும்பாலும் இதுவாகவே இருப்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

அலுவலகத்துக்கென்று மேக்ரோ எழுதித் தருபவர் இருந்தால், அதில் டிஜிட்டல் கையொப்பமிடச் சொல்லலாம். மூன்றாவது தேர்வை அப்போது பயன்படுத்தலாம். படிவங்களில் கையொப்பமிட நாம் வாங்கி வைத்திருக்கும் டிஎஸ்சி டோக்கன் இதற்கு உதவாது. நிரலில் கையொப்பமிடுவதற்கென்றே உள்ள சான்றிதழ் வேண்டும்.

லிப்ரெஆபிஸில்

மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், உபுண்டு ஆகிய இயங்குதளங்களில் பணிபுரிபவர்கள் பெரும்பாலும் லிப்ரெஆபிஸ் ரைட்டரையே பயன்படுத்துகிறார்கள். அதில் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லிப்ரெஆபிஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘மேக்ரோ செக்யூரிட்டி’ என்று சென்றால் மிக உயர்ந்தது, உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது என நான்கு நிலைகள் உண்டு. இயல்பாக உயர்ந்த நிலையில் இருக்கும். நம்பகமான கையொப்பமோ நம்பகக் கோப்புறையோ இல்லாத மேக்ரோவை அது கேட்காமலே முடக்கிவிடும். மேக்ரோ வேலை செய்யவில்லை என்று தாழ்ந்த நிலைக்கு இறக்காமல், அடுத்துள்ள ‘டிரஸ்டட் சோர்சஸ்’ பக்கத்தில் ஒரு கோப்புறையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பெயரை வைத்து அறிய முடியாது: ஓடிடி என்று முடியும் சாதாரண ஆவணமே மேக்ரோவையும் தாங்கி வரலாம். வேர்டின் விபிஏ நிரல்களையும் லிப்ரெஆபிஸ் ஓரளவு இயக்கும் என்பதால், லினக்ஸில் திறக்கிறோம் என்ற ஒன்றையே காப்பாகக் கருத வேண்டாம்.

அழுத்திவிட்டால்

சந்தேகத்துக்குரிய கோப்பில் மேக்ரோவை அனுமதித்துவிட்டோம் என்று தெரிந்த நொடியில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் ஆறுதல் கொள்ள வேண்டாம். இறக்கப்பட்ட நிரல் ஓசையின்றியே வேலை செய்யும். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்காமல், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி. முதலாளியிடமோ மூத்தவரிடமோ உடனே சொல்லிவிடுங்கள். சொன்ன ஊழியரைக் கடிந்துகொள்ளும் அலுவலகத்தில் அடுத்தமுறை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதை மூத்தவர்களும் மனத்தில் கொள்ள வேண்டும். வந்த மின்னஞ்சலையும் கோப்பையும் அழிக்காதீர்கள்; அவை சான்றுகள்.

முழுமையான ஆன்டிவைரஸ் சோதனைக்குப் பிறகு, வேர்டின் அடிப்படை வார்ப்புருவான நார்மல்.டாட்எம் கோப்பையும் கவனிக்க வேண்டும். தீய மேக்ரோ அதற்குள் தன்னை எழுதிக்கொண்டால், அதன் பின் திறக்கும் ஒவ்வோர் ஆவணத்தோடும் தானும் இயங்கும். வேர்டை மூடிவிட்டு, உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாப்ட், டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் அதன் பெயரை மாற்றி வைத்தால், அடுத்தமுறை வேர்டு புதியதொன்றை உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் அமைத்துவைத்த பாணிகளும் சுருக்குவழிகளும் அதோடு போய்விடும் என்பதால் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாப்ட், வேர்டு என்பதன் கீழுள்ள ஸ்டார்ட்அப் கோப்புறையில் நீங்கள் வைக்காத வார்ப்புரு எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்குள்ளவற்றை வேர்டு ஒவ்வொருமுறையும் தானே ஏற்றிக்கொள்ளும்.

பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனடியாக அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். நிறுவனங்களைப் பொறுத்தவரை, இந்தியக் கணினி அவசரகால மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, அதில் பட்டியலிடப்பட்ட பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவித்தாக வேண்டும். தீய நிரல் தாக்குதலும் அப்பட்டியலில் அடங்கும். உங்கள் முகவரியிலிருந்து யாருக்கெல்லாம் கடிதம் போயிருக்கக்கூடும் என்று ‘சென்ட்’ பெட்டியைப் பார்த்து, அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். திருடிய கடிதங்கள் வேறிடத்திலிருந்தும் அனுப்பப்படலாம் என்பதால், அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அண்மையில் கடிதத் தொடர்பில் இருந்தவர்களுக்கு மட்டுமாவது தெரிவியுங்கள்.